குடல்சார் கொழுப்பு அமிலங்களும் மதியிறுக்கமும்

குடல்சார் கொழுப்பு அமிலங்களுக்கும் மதியிறுக்கத்துக்கும் (ஆட்டிசம்) இடையிலான தொடர்பு, நரம்பியலிலும் நுண்ணுயிரியலிலும் ஆராயப்பட்டு வரும் ஒரு கருதுகோள் ஆகும். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் உணவின் நார்ப்பொருளை நொதிக்கச் செய்யும்போது குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உருவாகின்றன. இவை குருதி வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளையின் வேதியியலை மாற்றக்கூடும் என்றும், மதியிறுக்கத்தின் சில இயல்புகளுக்கு இம்மாற்றம் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் இக்கருதுகோள் கூறுகிறது. இவ்வமிலங்களுள் புரோப்பியோனிக் அமிலமே மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது.

எலிகளின் மூளையில் இவ்வமிலம் தெளிவான விளைவுகளை உண்டாக்குகிறது. ஆனால் குழந்தைகளில் குடலில் உருவாகும் இவ்வமிலமே மதியிறுக்கத்தை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. இவ்வமிலங்களின் மூலப்பொருள்களுள் ஒன்றான செரிக்காத மாவுச்சத்து, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதிகளின் அன்றாட உணவுகளான வாழைக்காயிலும் ஆறிய சோற்றிலும் உள்ளது. ஆகையால் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது, குழந்தைக்கு எதைக் கொடுப்பது, எதை விலக்குவது எனக் குழம்பும் பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும்.

குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள்

ஆறு அல்லது அதற்குக் குறைவான கரிம அணுக்களைக் கொண்ட கொழுப்பு அமிலங்கள் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் எனப்படுகின்றன. பெருங்குடலில் மிகுதியாகக் காணப்படுபவை மூன்று:

- அசிட்டிக் அமிலம் (2 கரிம அணுக்கள்) - புளிக்காடியில் உள்ள அமிலம்.
- புரோப்பியோனிக் அமிலம் (3 கரிம அணுக்கள்) - சுவிஸ் வகைப் பாலாடைக்கட்டியின் மணத்துக்குக் காரணமானவற்றுள் ஒன்று. இதன் கால்சியம் உப்பு, ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்படுகிறது.
- பியூட்டிரிக் அமிலம் (4 கரிம அணுக்கள்) - கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமானது.

பெருங்குடலில் இவை ஏறத்தாழ 60:20:20 என்னும் விகிதத்தில் காணப்படுகின்றன. இவை கழிவுப் பொருள்கள் அல்ல. பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்கள் தமக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரிக் அமிலத்திலிருந்தே பெறுகின்றன. உப்பும் நீரும் குடலில் உறிஞ்சப்படுவதற்கும் இவ்வமிலங்கள் துணைபுரிகின்றன.

குடலிலிருந்து குருதிக்கு

பெருங்குடலில் உறிஞ்சப்படும் அமிலங்கள் வாயிற்சிரை வழியாக முதலில் கல்லீரலை அடைகின்றன. பிரித்தானியாவில் கம்மிங்சும் உடன் ஆய்வாளர்களும், திடீரென இறந்தோரின் உடல்களில் அளந்து 1987இல் வெளியிட்ட மதிப்புகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவை, ஒரு லீட்டர் குருதிக்கு மைக்ரோமோல் அளவில், ஏறத்தாழப் பின்வருமாறு:

- வாயிற்சிரை: அசிட்டிக் 258, புரோப்பியோனிக் 88, பியூட்டிரிக் 29
- புறக்குருதி: அசிட்டிக் 70, புரோப்பியோனிக் 5, பியூட்டிரிக் 4

புரோப்பியோனிக் அமிலத்தின் மிகப்பெரும் பகுதியைக் கல்லீரலே பயன்படுத்திவிடுகிறது என்பதை இம்மதிப்புகள் காட்டுகின்றன. உடலின் பிற பகுதிகளுக்கும் மூளைக்கும் செல்லும் குருதியில் அது மிகச் சிறிய அளவிலேயே எஞ்சுகிறது. இக்கருதுகோளை எடைபோடும்போது இந்த அளவுகள் முதன்மையானவை.

உணவுப் பின்னணி: திருச்சிராப்பள்ளியும் ஸ்ரீரங்கமும்

சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடையும் மாவுச்சத்து, எதிர்ப்பு மாவுச்சத்து எனப்படுகிறது. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களின் சிறந்த மூலங்களுள் இதுவும் ஒன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான ஸ்ரீரங்கமும் அதைச் சூழ்ந்த திருச்சிராப்பள்ளி வட்டாரமும் நெல்லும் வாழையும் விளையும் பகுதிகளாகும். பூவன், நேந்திரன், ரஸ்தாளி, ஏலரிசி, கற்பூரவல்லி ஆகியவை பழத்துக்காகவும், மொந்தன் காய்க்காகவும் பயிரிடப்படுகின்றன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது.

முதிர்ந்து பழுக்காத வாழைக்காயின் உலர் எடையில் 70 முதல் 80 விழுக்காடு மாவுச்சத்து ஆகும். பச்சையாக இருக்கும் நிலையில் இதன் பெரும்பகுதி எதிர்ப்பு மாவுச்சத்தாகும். காய் பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, நன்கு பழுத்த பழத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகிவிடுகிறது. வேகவைக்கும்போதும் எதிர்ப்புத் தன்மை பெருமளவு குறைகிறது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதில் ஒரு பகுதி மீண்டும் செரிக்க இயலாத வடிவத்தைப் பெறுகிறது. இரவு நீரூற்றி வைத்து மறுநாள் உண்ணும் பழைய சோற்றில் இம்மாற்றம் நிகழ்வதுடன் நொதித்தலும் நடைபெறுகிறது. வாழைத்தண்டும் வாழைப்பூவும் நார்ப்பொருள் மிகுந்தவை.

இவ்வமிலங்கள் நோயைத் தணிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே வலுவான சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பா. ச. ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் வாந்திபேதி நோயாளர் 48 பேரிடம் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. வாய்வழி நீரிழப்பு நீக்கும் கரைசலுடன் எதிர்ப்பு மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கின் அளவும் கால அளவும் குறைந்தன. பெருங்குடலில் அம்மாவுச்சத்து கொழுப்பு அமிலங்களாக மாறி, உப்பும் நீரும் உறிஞ்சப்படுவதை ஊக்குவிப்பதே இதன் அடிப்படை. வங்காளதேசத்தில் நீடித்த வயிற்றுப்போக்குடைய குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கொடுத்த ஆய்விலும் (2001) நற்பயன் காணப்பட்டது.

எனவே புரோப்பியோனிக் அமிலம் உள்ளிட்ட இவ்வமிலங்களை நஞ்சு எனப் பொதுவாகக் கூறுவது பிழையாகும். எவ்வளவு, உடலின் எப்பகுதியில், வளர்ச்சியின் எந்நிலையில் என்பவற்றைப் பொறுத்தே அவற்றின் விளைவு அமைகிறது.

கருதுகோளின் வரலாறு

மதியிறுக்கம் 1943இல் லியோ கேனரால் தனி நிலையாக விவரிக்கப்பட்டது. மதியிறுக்கம் உள்ள குழந்தைகள் பலருக்கு மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியவை இருப்பதைப் பெற்றோரும் மருத்துவரும் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். 1998இல், மதியிறுக்கம் உள்ள குழந்தை ஒன்றின் தாயான எலன் போல்ட், குடலில் பெருகும் கிளாஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் சில குழந்தைகளில் காரணமாகலாம் என ஒரு கட்டுரையில் முன்மொழிந்தார்.

இதைத் தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் சாண்ட்லரும் உடன் ஆய்வாளர்களும், வளர்ச்சியில் பின்னடைவுடன் மதியிறுக்கம் தோன்றிய 11 குழந்தைகளுக்கு, குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாத வான்கோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை வாய்வழியாகக் கொடுத்தனர். பலரிடம் குறுகியகால முன்னேற்றம் காணப்பட்டது. மருந்து நின்றபின் அம்முன்னேற்றம் பெரும்பாலும் மறைந்தது. சிட்னி ஃபைன்கோல்ட் குழுவினர் 2002இல் இத்தகைய குழந்தைகளின் மலத்தில் கிளாஸ்டிரிடியம் வகைகள் மிகுந்திருப்பதாக அறிவித்தனர். இவ்வகைப் பாக்டீரியாக்களுள் சில புரோப்பியோனிக் அமிலத்தை உருவாக்குபவை.

கனடாவின் வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் டெரிக் மெக்ஃபேப் தலைமையிலான குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இக்கருதுகோளுக்கு உயிரியல் அடிப்படையை அளித்தது. முதிர்ந்த எலிகளின் மூளை அறைக்குள் புரோப்பியோனிக் அமிலம் நேரடியாகச் செலுத்தப்பட்டது. சில நிமிடங்களுக்குள் அவை மிகையாக இயங்கின. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தன. வலிப்பை ஒத்த மின்மாற்றங்களும் மூளையில் பதிவாயின. பின்னர் நடந்த ஆய்வுகளில் இவ்வெலிகள் பிற எலிகளுடன் பழகுவது குறைந்ததும் கண்டறியப்பட்டது.

மூளை வேதியியலில் விளைவுகள்

விலங்குகளிலும் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களிலும் பின்வரும் வழிமுறைகள் அறியப்பட்டுள்ளன.

நரம்பழற்சியும் ஆக்சிசனேற்ற அழுத்தமும்: அமிலம் செலுத்தப்பட்ட எலிகளின் மூளையில் நோயெதிர்ப்புப் பணிபுரியும் மைக்ரோகிளியா உயிரணுக்கள் தூண்டப்பட்டிருந்தன. உயிரணுக்களைக் காக்கும் குளூட்டாதயோன் குறைந்திருந்தது.

ஆற்றல் வளர்சிதைமாற்றம்: புரோப்பியோனிக் அமிலம் உயிரணுக்குள் கார்னிட்டினுடன் இணைகிறது. இது மிகையானால் இழைமணிகள் கொழுப்பை எரித்து ஆற்றல் பெறுவது தடைப்படலாம். ஃபிரையும் உடன் ஆய்வாளர்களும் 2013இல், மதியிறுக்கம் உள்ள 213 குழந்தைகளுள் 17 விழுக்காட்டினரின் குருதியில், எலிகளில் காணப்பட்டதை ஒத்த கார்னிட்டின் சேர்மங்களின் மாற்றத்தைக் கண்டனர். எஞ்சிய பெரும்பான்மையினரிடம் அது காணப்படவில்லை.

மரபணு வெளிப்பாடு: பியூட்டிரிக் அமிலமும் புரோப்பியோனிக் அமிலமும் ஹிஸ்டோன் டீஅசிட்டைலேசு என்னும் நொதியைத் தடுக்கின்றன. இதனால் சில மரபணுக்கள் கூடுதலாகச் செயற்படுகின்றன. டோப்பமீன், நார்அட்ரினலின் ஆகியவற்றை ஆக்கும் பாதையின் முதன்மை நொதியான டைரோசின் ஹைட்ராக்சிலேசுக்குரிய மரபணு அவற்றுள் ஒன்று.

செரோட்டோனின்: உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலிலேயே உருவாகிறது. குடல் நுண்ணுயிரிகள் அதன் ஆக்கத்தைத் தூண்டுவதை 2015இல் சுண்டெலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. மதியிறுக்கம் உள்ளோர் பலரின் குருதியில் செரோட்டோனின் மிகுந்திருப்பது 1961 முதல் அறியப்பட்டது. எனினும் குருதியிலுள்ள செரோட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை. ஆகவே குடலின் செரோட்டோனின் மூளையைத் தாக்குவதாயின், அது வேகசு நரம்பு போன்ற மறைமுக வழிகளிலேயே இயலும்.

பாதுகாப்பு விளைவுகள்: நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் குருதி-மூளைத் தடுப்பு கசிவுடையதாக இருந்தது. பியூட்டிரிக் அமிலம் அதைச் சீராக்கியது (2014). அத்தகைய சுண்டெலிகளின் மைக்ரோகிளியா முதிர்ச்சியடையவும் குறுஞ்சங்கிலி அமிலங்கள் உதவின (2015). பழகுதல் குறைந்த ஒருவகைச் சுண்டெலிகளுக்குச் சோடியம் பியூட்டிரேட்டு கொடுத்தபோது அவற்றின் பழகும் தன்மை மேம்பட்டது (2016). ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அமிலங்கள் எதிரெதிர்த் திசைகளில் செயற்படக்கூடும் என்பதை இவை உணர்த்துகின்றன.

மனிதரில் கிடைத்த சான்றுகள்

புரோப்பியோனிக் அசிடீமியா: புரோப்பியோனிக் அமிலத்தைச் சிதைக்கும் பாதையிலுள்ள ஒரு நொதி பிறவியிலேயே செயற்படாத அரிய மரபுநோய் இது. இந்நோயாளருள் சிலரிடம் வளர்ச்சித் தாமதம், வலிப்பு ஆகியவற்றுடன் மதியிறுக்க இயல்புகளும் காணப்படுகின்றன. குடலில் உருவாகும் புரோப்பியோனிக் அமிலத்தைக் குறைக்க இவர்களுக்கு மெட்ரோனிடசோல் கொடுப்பதுண்டு. ஆனால் இந்நோயில் அமிலத்தின் அளவு இயல்பைவிடப் பன்மடங்கு உயர்கிறது. அமோனியா மிகுதலும் மூளையைத் தாக்குகிறது. மதியிறுக்கம் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்நோய் இல்லை.

வால்புரோயிக் அமிலம்: வலிப்புக்குக் கொடுக்கப்படும் இம்மருந்தும் ஒரு கொழுப்பு அமிலமே. இதுவும் ஹிஸ்டோன் டீஅசிட்டைலேசைத் தடுக்கிறது. கருவுற்ற காலத்தில் தாய் இதை உட்கொண்ட குழந்தைகளிடம் மதியிறுக்க நிறமாலை நிலைகளின் வாய்ப்பு 4.42 விழுக்காடு எனவும், மொத்தக் குழந்தைகளிடம் 1.53 விழுக்காடு எனவும் 2013இல் டென்மார்க்கில் கணிக்கப்பட்டது. மூளை உருவாகும் காலத்தில் ஒரு கொழுப்பு அமிலம் அதன் வளர்ச்சியைப் பாதிக்க இயலும் என்பதை இது காட்டுகிறது. குடலில் உருவாகும் அமிலங்களுக்கு இது நேரடிச் சான்று ஆகாது. வலிப்பு மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் ஆபத்தானது.

மலப் பரிசோதனைகள்: இவற்றின் முடிவுகள் முரண்படுகின்றன. 2011இல் ஆடம்சு குழுவினர், மதியிறுக்கம் உள்ள குழந்தைகளின் மலத்தில் இவ்வமிலங்கள் குறைந்திருப்பதாக அறிவித்தனர். 2012இல் ஆத்திரேலியாவில் வாங் குழுவினர் அவை மிகுந்திருப்பதாக அறிவித்தனர். உருவாகும் அமிலத்தின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுவதால், மலத்தில் எஞ்சுவது உருவான அளவைச் சரியாகக் காட்டுவதில்லை.

திறனாய்வு

இக்கருதுகோள் மீது மூன்று முதன்மையான கேள்விகள் எழுப்பப்படுகின்றன.

அளவு: 2007ஆம் ஆண்டு ஆய்வில் செலுத்தப்பட்ட கரைசலின் செறிவு 0.26 மோலார், அதாவது லீட்டருக்கு 2,60,000 மைக்ரோமோல். மனிதரின் புறக்குருதியில் காணப்படுவது ஏறத்தாழ 5 மைக்ரோமோல். செலுத்தப்பட்டது 4 மைக்ரோலீட்டர் மட்டுமே என்பதாலும், அது மூளைத் தண்டுவட நீரில் கலந்து நீர்த்துப்போவதாலும், மூளை எதிர்கொண்ட செறிவு இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். ஆயினும் இடைவெளி மிகப் பெரிது.

காலம்: ஆய்வு முதிர்ந்த எலிகளில் நடந்தது. மதியிறுக்கமோ மூளை உருவாகும் பருவத்தில், பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே தொடங்குவது. ஐந்து நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, மதியிறுக்க வாய்ப்பில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுவழிக் காரணிகளால் விளக்கப்படுவதாக மதிப்பிட்டது.

காரணமா, விளைவா: மதியிறுக்கம் உள்ள குழந்தைகள் பலர், சுவை, மணம், பதம் ஆகியவற்றின் மீதான கூருணர்வால் மிகச் சில உணவுகளையே ஏற்கின்றனர். தயிர்ச்சோறு தவிர வேறெதையும் தொடாத குழந்தைகளும், காய்கறியே உண்ணாத குழந்தைகளும் உண்டு. உணவு குறுகினால் குடல் நுண்ணுயிரிகளின் வகைகளும் குறுகும். 2021இல் ஆத்திரேலியாவில் 247 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, நுண்ணுயிரிகளில் காணப்பட்ட வேறுபாடு பெரும்பாலும் உணவுத் தெரிவின் விளைவே எனக் கூறியது. அவ்வாறாயின் குடலின் மாற்றம் மதியிறுக்கத்துக்குக் காரணம் அன்று, அதன் பின்விளைவாகும்.

சிகிச்சை முயற்சிகள்

நுண்ணுயிர்க்கொல்லிகள்: வான்கோமைசின் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. கிடைத்த பயனும் நிலைக்கவில்லை. இம்மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் பெருகும்.

நுண்ணுயிரி மாற்றம்: 2017இல் அமெரிக்காவின் அரிசோனாவில் 18 குழந்தைகளுக்கு, நலமானோரின் குடல் நுண்ணுயிரிகள் அளிக்கப்பட்டன. வயிற்றுத் தொல்லைகளும் நடத்தை மதிப்பீடுகளும் மேம்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. சரிவரப் பரிசோதிக்கப்படாத மல மாற்றத்தால் வேறு நோயாளர் ஒருவர் இறந்ததையடுத்து, 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்தது.

உணவு விலக்கு: கோதுமையின் குளூட்டனையும் பாலின் கேசீனையும் விலக்கும் உணவுமுறை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. மதியிறுக்கத்தின் அடிப்படை இயல்புகளை இது மாற்றும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. முன்பே சில உணவுகளை மட்டும் உண்ணும் குழந்தையிடமிருந்து பாலையும் தயிரையும் நீக்கினால் கால்சியமும் புரதமும் குறையலாம். அதேபோல், புரோப்பியோனிக் அமிலத்துக்கு அஞ்சி வாழைக்காய், கீரை, பருப்பு முதலிய நார்ப்பொருள் மிகுந்த உணவுகளை விலக்குவதற்கு எந்த ஆய்வும் அடிப்படை தரவில்லை. அவற்றை விலக்கினால் மலச்சிக்கல் மிகலாம்.

வயிற்றுத் தொல்லைக்குச் சிகிச்சை: மலச்சிக்கலும் வயிற்றுவலியும் உள்ள குழந்தைக்கு அவற்றுக்கான மருத்துவம் அளிப்பது தேவையானது. தன் வலியைச் சொல்ல இயலாத குழந்தை அதை அழுகையாகவோ தூக்கமின்மையாகவோ தன்னைத் தாக்கிக்கொள்வதாகவோ வெளிப்படுத்தலாம். வலி தணியும்போது நடத்தை மேம்படுவதும் உண்டு. அது மதியிறுக்கம் நீங்கியதாகப் பொருள்படாது.

சமூகத் தாக்கம்

1950களிலும் 1960களிலும், தாயின் அன்பின்மையே மதியிறுக்கத்துக்குக் காரணம் என்னும் கருத்து மேலைநாடுகளில் பரவியிருந்தது. பின்னர் அது பிழையெனக் கைவிடப்பட்டது. குடல்சார் கருதுகோளைத் தவறாகப் புரிந்துகொண்டால், அதே பழி தாயின் சமையல் மீது திரும்பும் வாய்ப்பு உண்டு. குடலைத் தூய்மைப்படுத்துவதாகக் கூறும் மருந்துகளுக்கும் விலையுயர்ந்த மலப் பரிசோதனைகளுக்கும் செலவிடப்படும் பணமும் காலமும், பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, நடத்தைப் பயிற்சி ஆகியவற்றுக்குக் கிடைக்காமல் போகின்றன. இவை இளவயதில் தொடங்கப்படும்போது கூடுதல் பயன் தருகின்றன.

இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மதியிறுக்கத்தை உள்ளடக்குகின்றன. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரின் வளர்ச்சிக் குறைபாடுகள் கண்டறியப்பட்டு, மாவட்ட இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது.

இவற்றையும் பார்க்க

- மதியிறுக்கம்
- குடல் நுண்ணுயிரித் தொகுதி
- புரோப்பியோனிக் அமிலம்
- செரோட்டோனின்
- வாழை
- பழைய சோறு
- தேசிய வாழை ஆராய்ச்சி மையம், திருச்சிராப்பள்ளி